மால்கம் ஆதிசேஷையா

மால்கம் சத்தியநாதன் ஆதிசேஷையா (ஏப்ரல் 18, 1910 - நவம்பர் 21, 1994) தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளியல் அறிஞரும் கல்வியாளரும் ஆவார். யுனெஸ்கோ அமைப்பின் துணைத் தலைமை இயக்குநராகவும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் பணியாற்றியவர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவியவரும் இவரே. பள்ளியை விட்டு நின்றவர்கள், வேலைக்குப் போய்விட்ட பெரியவர்கள், எழுத்தறியாத உழவர்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கும் கல்வி தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதும், அக்கல்வி அவர்கள் செய்யும் தொழிலோடு இணைந்திருக்க வேண்டும் என்பதும் இவருடைய பணிகள் பலவற்றிலும் காணப்படும் பொதுவான நோக்கமாகும். இந்தியாவில் மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வியை அமைப்பது குறித்து 1978 இல் அறிக்கை அளித்த தேசியக் குழுவுக்கு இவர் தலைமை வகித்தார்.

பிறப்பும் கல்வியும்

ஆதிசேஷையா வேலூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பால் வாரணாசி ஆதிசேஷையா, தாய் கிரேஸ் நேசம்மா. தந்தை வேலூர் ஊரீசு கல்லூரியில் ஆசிரியராக இருந்து பின்னர் அதன் முதல்வரானவர். ஆர்க்காடு அமெரிக்க மிசனால் நடத்தப்பட்ட அக்கல்வி நிறுவனத்தின் சூழலிலேயே மால்கம் வளர்ந்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருட்டிணனும் இதே நிறுவனத்தில் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

வேலூரில் தொடக்கக் கல்வியை முடித்த பின்னர், 1925 இல் தொடங்கப்பட்ட சென்னை இலயோலாக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று இலண்டன் பொருளியல் பள்ளியில் பொருளியல் பயின்றார்.

ஆசிரியப் பணி

இவருடைய முதற்பணி கல்கத்தாவில் உள்ள புனித பவுல் கல்லூரியில் அமைந்தது. 1940 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அக்கல்லூரி 1937 இல்தான் சென்னை நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம் மாறியிருந்தது. அன்றைய தாம்பரம் சிற்றூர்கள் சூழ்ந்த புறநகரம். கல்லூரிக்கு உள்ளே பட்டப் படிப்பும், மதிலுக்கு வெளியே எழுத்தறியாத மக்களும் என்ற நிலையே அங்கு இருந்தது. 1946 வரை இவர் அங்குப் பணியாற்றினார்.

1946 இல் ஜெனீவா சென்று, பிற்காலத்தில் உலகப் பல்கலைக்கழகச் சேவை எனப் பெயர் பெற்ற பன்னாட்டு மாணவர் அமைப்பின் செயலகத்தில் பணியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரால் படிப்பை இழந்த மாணவர்களுக்கு உதவுவது அவ்வமைப்பின் அப்போதைய முக்கியப் பணியாகும்.

யுனெஸ்கோவில்

ஐக்கிய நாடுகள் அவையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ 1945 இல் உருவாக்கப்பட்டது. அதன் பாரிசு தலைமையகத்தில் 1948 இல் ஆதிசேஷையா சேர்ந்தார். முதலில் ஆட்கள் பரிமாற்றப் பிரிவிலும், 1950 முதல் தொழில்நுட்ப உதவித் துறையின் இயக்குநராகவும் பணியாற்றினார். பின்னர் உதவித் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். இப்பதவி அந்நிறுவனத்தில் இரண்டாவது உயர்ந்த பதவியாகும்.

தொழில்நுட்ப உதவித் திட்டம்

ஐக்கிய நாடுகள் அவையின் விரிவாக்கப்பட்ட தொழில்நுட்ப உதவித் திட்டம் 1950 இல் செயற்படத் தொடங்கியது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு வல்லுநர்களை அனுப்புதல், அந்நாட்டவர்க்குப் பயிற்சி அளித்தல், கருவிகளை வழங்குதல் ஆகியவை இதன் மூன்று கூறுகள். இதில் யுனெஸ்கோவின் பங்கை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஆதிசேஷையாவிடம் இருந்தது. மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோவில் 1951 இல் தொடங்கப்பட்ட அடிப்படைக் கல்வி மையம் யுனெஸ்கோவின் அக்காலத்து முயற்சிகளில் ஒன்றாகும். அங்கு ஊர்ப்புற மக்களுக்கு நேரடியாகக் கற்பிக்காமல், அவர்களுக்குக் கற்பிக்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்றுநர்களை முதலில் உருவாக்கும் இம்முறை பின்னர் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

இந்தியாவும் இத்திட்டங்களால் பயன் பெற்றது. 1958 இல் தொடங்கப்பட்ட மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சோவியத் ஒன்றியத்தின் உதவி யுனெஸ்கோ வழியாகவே வந்தது.

1960 இல் ஆப்பிரிக்காவில் பல நாடுகள் ஒரே ஆண்டில் விடுதலை பெற்றன. அதே ஆண்டில் கராச்சியில் கூடிய ஆசிய நாடுகள், 1980 க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயத் தொடக்கக் கல்வி அளிக்கும் திட்டத்தை வகுத்தன. 1961 இல் அடிஸ் அபாபாவிலும் 1962 இல் சாந்தியாகோவிலும் இவ்வாறான மாநாடுகள் நடைபெற்றன. தொழில்நுட்பக் கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கான பரிந்துரையை யுனெஸ்கோ 1962 இல் ஏற்றுக்கொண்டது. கல்வியைச் செலவாகப் பாராமல் முதலீடாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்ற காலம் இது. பொருளியலாளரான ஆதிசேஷையா அக்கருத்தை வலியுறுத்தியவர்களுள் ஒருவர்.

தொழில்சார் எழுத்தறிவு

1960 களில் உலகில் 70 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்கள் எழுத்தறியாதவர்களாக இருந்தனர் என யுனெஸ்கோ மதிப்பிட்டது. இவர்கள் அனைவரும் பள்ளி வயதைக் கடந்தவர்கள். பள்ளிகளைப் பெருக்குவதால் மட்டும் இவர்களுக்குக் கல்வி சென்று சேராது. எழுத்தறிவு இயக்கங்கள் பலவும் வெறும் எழுத்துகளைக் கற்பித்தன. கற்றவர்கள் அவற்றைப் பயன்படுத்த வாய்ப்பின்றி சில ஆண்டுகளில் மறந்து போயினர்.

இந்நிலையில் 1965 செப்டம்பரில் தெகுரானில் கூடிய கல்வி அமைச்சர்களின் உலக மாநாடு, எழுத்தறிவைத் தொழிலோடு இணைக்கும் கருத்தை முன்வைத்தது. செப்டம்பர் 8 ஆம் நாள் அனைத்துலக எழுத்தறிவு நாளாகக் கொண்டாடப்படுவதும் இம்மாநாட்டின் தொடர்ச்சியே. இதன்படி உலக எழுத்தறிவுச் சோதனைத் திட்டம் 1967 முதல் 1973 வரை இந்தியா உட்பட 11 நாடுகளில் நடத்தப்பட்டது. இத்திட்டம் உருவாகித் தொடங்கிய ஆண்டுகளில் ஆதிசேஷையா துணைத் தலைமை இயக்குநராக இருந்தார்.

இந்தியாவில் இது உழவர் பயிற்சி மற்றும் தொழில்சார் எழுத்தறிவுத் திட்டம் என்ற வடிவில் நடைபெற்றது. உயர் விளைச்சல் விதைகள் அறிமுகமான மாவட்டங்களில், அவ்விதைகளைப் பயிரிடும் உழவர்களுக்கு எழுத்தும் வேளாண் செய்தியும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. உர மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கவும், கூட்டுறவுக் கடன் படிவத்தை நிரப்பவும், வானொலியில் கேட்ட செய்தியைக் குறித்துக்கொள்ளவும் உழவருக்கு எழுத்து தேவைப்பட்டது. கல்வி, வேளாண்மை, செய்தி ஒலிபரப்பு ஆகிய மூன்று அமைச்சகங்கள் இதில் கூட்டாக இயங்கின.

சோதனைத் திட்டம் எதிர்பார்த்த அளவு வெற்றி பெறவில்லை. 1976 இல் வெளியான மதிப்பீடு, எழுத்தறிவை விளைச்சல் பெருக்கத்தோடு மட்டும் குறுக்கிப் பார்த்ததையும், கற்போரின் சமூக நிலையைப் போதிய அளவு கருதாததையும் குறைகளாகச் சுட்டியது. எழுத்தறியாமைக்கும் ஏழ்மைக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள தொடர்பை ஆதிசேஷையாவும் தமது பிற்கால எழுத்துகளில் முதன்மைப்படுத்தினார்.

தொழிலாளர் கல்வி நிலையங்கள்

நகரத் தொழிலாளர்களுக்கான பல்நோக்கு வயதுவந்தோர் கல்வி நிலையம் என்ற கருத்தையும் யுனெஸ்கோ இக்காலத்தில் பரப்பியது. அதைப் பின்பற்றி இந்திய அரசு 1967 இல் மும்பையில் முதலாவது ஷ்ரமிக் வித்யாபீடத்தைத் தொடங்கியது. பணி நேரத்திற்கு ஏற்ப வகுப்பு, தேவைக்கு ஏற்பப் பாடம், குறுகிய காலப் பயிற்சி என்பவை இதன் அடிப்படைகள். ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் எந்திரத்தைப் பற்றிக் கற்பதோடு கணக்கு, உடல்நலம், தொழிற்சட்டம் ஆகியவற்றையும் அங்குக் கற்க முடிந்தது. இவை பின்னர் நாட்டின் பிற நகரங்களுக்கும் விரிந்தன. 2000 இல் ஜன் சிக்ஷன் சன்ஸ்தான், அதாவது மக்கள் கல்வி நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டன. 2018 இல் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன.

தாயகம் திரும்புதல்

1970 இல் யுனெஸ்கோவிலிருந்து ஓய்வு பெற்ற ஆதிசேஷையா சென்னை திரும்பினார். தம் மனைவி எலிசபெத்துடன் இணைந்து 1971 இல் அடையாறு காந்திநகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். இதற்குத் தம் சொந்தச் சொத்தையும் சேமிப்பையும் அளித்தார். தமிழ்நாட்டின் ஊரகப் பொருளாதாரம், வேலைவாய்ப்பு, வறுமை, கல்வி ஆகியவற்றை ஆராய்வது இதன் நோக்கம். 1977 இல் இது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் உதவி பெறும் தேசிய நிறுவனமானது. அதன் பின்னர் பொருளியலாளர் சி. தா. குரியன் 1978 முதல் பத்தாண்டுகள் அதன் இயக்குநராக இருந்தார்.

1971 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவிலும் ஆதிசேஷையா உறுப்பினராக இருந்தார். வாழ்நாள் முழுவதும் கற்கும் சமுதாயம் என்ற கருத்தை மாநிலக் கல்வித் திட்டத்தில் இணைக்க முயன்றார்.

துணைவேந்தர்

1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். இக்காலத்தில் இவர் மேற்கொண்ட முக்கிய முயற்சி தன்னாட்சிக் கல்லூரிகள் ஆகும். ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள் என்ற முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. புதிய பாடம் ஒன்றைத் தொடங்கவோ பழைய பாடத்தைத் திருத்தவோ தனிக் கல்லூரியால் இயலாது. சுற்றுவட்டாரத்தின் தொழில்களுக்கு ஏற்பப் பாடம் அமைப்பதற்கும் இது தடையாக இருந்தது. தகுதியுள்ள கல்லூரிகள் தாமே பாடம் வகுத்துத் தேர்வு நடத்தலாம் என்ற முறையை கோத்தாரி கல்விக் குழு (1964-1966) முன்னரே பரிந்துரைத்திருந்தது. இந்தியாவில் அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலங்களுள் தமிழ்நாடு ஒன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள் 1978 இல் தன்னாட்சி பெற்றன.

மேல்நிலைத் தொழிற்கல்விக் குழு

இந்தியாவில் பத்தாம் வகுப்பிற்குப் பின் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி என்ற அமைப்பு 1970 களில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பத்தாம் வகுப்பிற்கு மேல் படிப்போரில் பாதிப் பேர் 1980 களின் நடுப்பகுதிக்குள் தொழிற்கல்வி பயில வேண்டும் என்று கோத்தாரி குழு எதிர்பார்த்திருந்தது. நடைமுறை அதற்கு நெடுந்தொலைவில் இருந்தது. 1977 இல் பொறுப்பேற்ற மத்திய அரசு, மேல்நிலைக் கல்வியைத் தொழிற்கல்வி நோக்கில் மறு ஆய்வு செய்ய ஆதிசேஷையா தலைமையில் ஒரு தேசியக் குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1978 இல் வெளியானது. செய்வதற்குக் கற்றல் என்ற பொருள் தரும் தலைப்பும், கற்கும் சமுதாயமும் உழைக்கும் சமுதாயமும் ஒன்றாக வேண்டும் என்ற கருத்தைத் தரும் துணைத்தலைப்பும் அதற்கு இடப்பட்டன.

அறிக்கையின் முக்கியப் பரிந்துரைகள் பின்வருமாறு:

* மாணவர்களைப் படிப்புக்கு உரியவர், தொழிலுக்கு உரியவர் என நிலையாக இரு கூறாகப் பிரித்தல் கூடாது. பொதுக்கல்வி, தொழிற்கல்வி என இரு பாடத் தொகுதிகள் இருக்கலாம்; மாணவர் இரண்டிலிருந்தும் பாடங்களைத் தேர்ந்தெடுக்க இடம் வேண்டும்.
* தொழிற்கல்வித் தொகுதியில் மொழிக்கு 15 விழுக்காடும், பொது அடிப்படைப் பாடத்திற்கு 15 விழுக்காடும், தொழிற்பாடங்களுக்கு 70 விழுக்காடும் நேரம் ஒதுக்க வேண்டும். தொழிற்பாட நேரத்தில் பெரும் பங்கு செய்முறைக்கு உரியது.
* பொதுக்கல்வி பயில்வோரும் 15 விழுக்காடு நேரத்தைச் சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலைக்கு ஒதுக்க வேண்டும்.
* ஒரு வட்டாரத்தில் என்ன தொழில்கள் உள்ளன, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை ஆய்வு செய்த பின்னரே அங்குத் தொழிற்பாடம் தொடங்க வேண்டும்.
* வேளாண்மை, அதைச் சார்ந்த ஊரகத் தொழில்கள் ஆகியவற்றுக்கு முதன்மை தர வேண்டும்.
* தொழிலில் ஈடுபட்டிருப்போரைப் பகுதி நேர ஆசிரியர்களாகப் பயன்படுத்தலாம்.

முதற் பரிந்துரை கல்வி முறைக்கு அப்பாற்பட்ட ஒரு சிக்கலைத் தொட்டது. கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, ஏட்டுப் படிப்பு உயர்ந்தது என்ற எண்ணம் சாதி அமைப்போடு பிணைந்து நிற்கும் நாட்டில், தொழிற்பிரிவு தனியே பிரிக்கப்பட்டால் அது ஏழை மாணவர்களின் ஒதுக்கிடமாக மாறிவிடும். தொழிற்கல்வி பயின்றவர் விரும்பினால் பட்டப் படிப்பிற்கும் செல்லக் கூடிய வழி இருந்தால்தான் பெற்றோர் பிள்ளைகளை அதில் துணிந்து சேர்ப்பர்.

தமிழ்நாட்டில் நடைமுறை

தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு 1978-79 கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. தொழிற்பிரிவும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. வேளாண்மை, மனையியல், வணிகம், பொறியியல், உடல்நலம் உள்ளிட்ட துறைகளில் பாடங்கள் வகுக்கப்பட்டன. நாட்டில் இப்பிரிவைப் பெரிய அளவில் தொடங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

ஆயினும் குழு அஞ்சியவற்றுள் சில நிகழ்ந்தன. தட்டச்சு, கணக்குப்பதிவு போன்ற செலவு குறைந்த பாடங்கள் பெருகின. கருவிகளும் பட்டறைகளும் தேவைப்படும் பாடங்கள் அந்த அளவு வளரவில்லை. தொழிற்கல்வி ஆசிரியர்கள் பலர் நீண்ட காலம் பகுதி நேரப் பணியிலேயே இருந்தனர். மதிப்பெண் குறைந்தவர்கள் சேரும் பிரிவு என்ற பெயரும் அதற்கு ஏற்பட்டது. 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990 க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995 க்குள்ளும் தொழிற்கல்வியில் சேர்க்க இலக்கு வைத்தது, அவ்விலக்கு எட்டப்படவில்லை. அதே 1986 இல் பயிலுநர் சட்டம் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவு முடித்தவர்களும் தொழிலகங்களில் பயிலுநராகச் சேர வழி செய்யப்பட்டது.

வயதுவந்தோர் கல்வி

1978 அக்டோபர் 2 ஆம் நாள் இந்திய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்தாண்டுகளில் எழுத்தறிவு அளிப்பது இதன் இலக்கு. ஒரு மையத்தில் ஏறத்தாழ 30 பேர், பத்து மாதங்களில் 300 முதல் 350 மணி நேரக் கல்வி என்று திட்டம் வகுக்கப்பட்டது. எழுத்தறிவு, தொழில் திறன், சமூக விழிப்புணர்வு ஆகியவை அதன் மூன்று கூறுகள்.

இலக்கு மிகப் பெரிது. அதை நிறைவேற்றும் பொறுப்போ ஊரில் மாலை நேரத்தில் வகுப்பு நடத்தும் பயிற்றுநரைச் சார்ந்திருந்தது. அவருக்குப் பயிற்சியும் பாடநூலும் தருவதற்காக மாநில வள மையங்கள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் இப்பணியைத் தமிழ்நாடு தொடர்கல்வி வாரியம் ஏற்றது. அவ்வாரியத்தின் தலைவராக ஆதிசேஷையா இருந்தார். முதன்மைப் பாடநூல்கள், புதிதாகப் படிக்கக் கற்றோருக்கான எளிய நூல்கள், பயிற்றுநர் கையேடுகள் ஆகியவை தமிழில் உருவாக்கப்பட்டன. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் செயற்பாட்டை மதிப்பீடு செய்தது.

தேசியத் திட்டம் குறித்த காலத்தில் தன் இலக்கை அடையவில்லை. பின்னர் 1988 இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990 களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் தன்னார்வலர்களைக் கொண்டு நடைபெற்றது. 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 விழுக்காடாக இருந்தது. 2011 இல் அது 80.09 விழுக்காடாக உயர்ந்தது.

பிற பொறுப்புகள்

1978 முதல் 1984 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். பாரிசில் உள்ள அனைத்துலகக் கல்வித் திட்டமிடல் நிறுவனத்தின் ஆட்சிக் குழுத் தலைவராக 1981 முதல் 1989 வரை பணியாற்றினார். இந்தியப் பொருளாதாரம் குறித்த இடையாண்டு ஆய்வுரைகளைப் புது தில்லியில் பல ஆண்டுகள் நிகழ்த்தினார். அவை நூல்களாகவும் வெளிவந்தன.

நூல்கள் சில

* லெட் மை கன்ட்ரி அவேக் (1970) - வளர்ச்சியில் மனிதரின் பங்கு பற்றியது, யுனெஸ்கோ வெளியீடு. இதன் தலைப்பு இரவீந்திரநாத் தாகூரின் கீதாஞ்சலியிலிருந்து எடுக்கப்பட்டது.
* இட் இஸ் டைம் டு பிகின் (1972)
* டெக்னிக்ஸ் ஆஃப் பெர்ஸ்பெக்டிவ் பிளானிங் (1973)
* அடல்ட் எஜுகேஷன் ஃபேசஸ் இன்ஈக்குவாலிட்டீஸ் (1981)

மறைவும் நினைவும்

இந்திய அரசு 1976 இல் இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. ஆதிசேஷையா நவம்பர் 21, 1994 அன்று தமது 84 ஆவது வயதில் காலமானார். யுனெஸ்கோ 1998 இல் இவர் பெயரில் அனைத்துலக எழுத்தறிவுப் பரிசு ஒன்றை ஏற்படுத்திச் சில ஆண்டுகள் வழங்கியது. மால்கம் மற்றும் எலிசபெத் ஆதிசேஷையா அறக்கட்டளை வளர்ச்சி ஆய்வுத் துறையில் சிறந்து விளங்குவோருக்கு விருது வழங்கி வருகிறது.

பிற்காலத் தாக்கம்

இவர் மறைந்த அடுத்த ஆண்டான 1995 இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதலாவது சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996 இல் சென்னை உயர்மறை மாவட்டமும் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளைப் பின்பற்றிய பெயராயினும், தமிழ்நாட்டில் இவை பள்ளி இடைநின்றோரையும் ஏழைப் பெண்களையும் முதன்மையாகக் கருதி அமைந்தன. வாழ்வியல் திறன், பணித் திறன், தொழிலகப் பயிற்சி என்பவை இவற்றின் பாடக் கூறுகள். சுற்றுவட்டார நிறுவனங்களைப் பாடம் வகுப்பதிலும் பயிற்சியிலும் பங்கேற்கச் செய்வது இவற்றின் இயல்பு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளின் பட்டயங்களுக்கு ஏற்பு வழங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013 இல் சமுதாயக் கல்லூரிகளுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வட்டாரத் தேவையை அறிந்து பாடம் அமைத்தல், தொழிலில் உள்ளவரை ஆசிரியராக்கல், மேற்படிப்புக்கு வழி திறந்திருத்தல் ஆகிய மூன்றும் 1978 ஆம் ஆண்டு அறிக்கையின் போக்கோடு ஒத்துச் செல்பவை.

வட்டார ஆய்வு என்ற பரிந்துரையின் தேவையைத் திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர், பழவேற்காடு பகுதியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அங்குள்ள மீனவ ஊர்களில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை விரிப்பது என்பதைப் பாடு என்னும் மரபு முறை வரையறுக்கிறது. ஏரிக்குத் தெற்கே அத்திப்பட்டில் 1990 களின் நடுப்பகுதியில் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001 இல் எண்ணூர்த் துறைமுகமும், 2010 இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயற்படத் தொடங்கின. ஒரே வட்டாரத்தில் படகுப் பொறி பழுதுபார்த்தல், மீன் பதப்படுத்தல் போன்ற திறன்களுக்கும், பற்றவைப்பு, பாரந்தூக்கி இயக்கம், மின்பணி போன்ற திறன்களுக்கும் தேவை எழுந்தது. மீன்பிடியைத் தவிர வேறு தொழில் அறியாத, பள்ளியையும் முடிக்காத இளைஞருக்குத் துறைமுகம் அருகில் இருப்பதால் மட்டும் வேலை கிடைப்பதில்லை. அவர் ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லாமல், பிழைப்பையும் இழக்காமல் கற்கக்கூடிய பயிற்சி தேவைப்படுகிறது. பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரி பட்டப் படிப்பு வழங்குகிறது. மேல்நிலைக் கல்வியை முடிக்காதவருக்கு அதில் இடமில்லை. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்புவதே தொடர்கல்வியின் பணி என்பது ஆதிசேஷையாவின் நெடுநாள் பணிகளிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.